கருவாட்டுத் தண்ணீரும் க்ளோரைடும்

ரத்தப் பரிசோதனையைப் பள்ளிக்கூடப் பரீட்சை என்று நினைத்துத் தயார் செய்துகொண்டு போன முட்டாள் புதுச்சேரியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிரெஞ்சுக்காரர்கள் போன கையோடு துறைமுக ஆபீஸில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. புதன்கிழமை சேர வேண்டும். அதற்குள் ஆஸ்பத்திரி டாக்டர் என் உடம்பு சரியென்று கையெழுத்துப் போட வேண்டும். அந்த நேரம் பார்த்தா ஒரு கல்யாண வீட்டு இறாலை நம்புவேன்? ஓயாத வாந்தி. இறால் போய், பித்தம் போய், கடைசியில் புளித்த தண்ணீர் மூக்கு வழியாகவும் வந்தது. கெண்டைக்கால் சுண்டி இழுத்தது.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். "க்ளோரைடு கொறைஞ்சிருக்கு முசே. வயித்துப் புளிப்புலயே அது இருக்கு, வாந்தி எடுத்தா கூடவே போயிடும். உப்பு போட்ட கஞ்சி குடிங்க. திங்கக்கிழமை மறுபடி எடுப்போம். சரியா இருந்தா கையெழுத்து."

என் காதில் ஏறியது உப்பு மட்டும்தான். வருஷமெல்லாம் தூங்கிவிட்டுப் பரீட்சையன்று காலையில் புத்தகத்தைப் புரட்டித் தேறியவன் நான். கஞ்சியெல்லாம் எவன் குடிப்பான்? திங்கள் காலை, குழம்புக்காக என் மனைவி கருவாட்டை ஊறவைத்திருந்தாள். சாம்பல் நிறத் தண்ணீர். மேலே செதில், எண்ணெய்ப் படலம், மீனின் ஒற்றைக் கண். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தேன். அடி மணல் பல்லில் நறநறத்தது.

"ஐயே! பூனகூட மோந்துட்டுப் போயிடுச்சு, அதப் போயி குடிச்சீங்களா?"

"பூனைக்கா வேலை கெடைச்சிருக்கு?"

வழியெல்லாம் ஏப்பம். வாய்க்குள் மீன் செத்து மிதப்பதுபோல் இருந்தது. டாக்டர் "நாக்க நீட்டுங்க" என்றார். நாக்கோடு நிற்கவில்லை. சாம்பல் தண்ணீர், செதில், மணல், எல்லாம் அவர் காலில் போட்டிருந்த வெள்ளைத் துணிச் சப்பாத்தின் மேல். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் அந்த நாற்றத்துக்கே தன் பங்கையும் சேர்த்தார். எனக்கு வாந்தி மத்தியானம் வரை அடங்கவில்லை. பிறகுதான் ரத்தம் எடுத்தார்கள்.

மறுநாள் பார்த்தால், க்ளோரைடு முன்பைவிடக் குறைவு. டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிவிட்டார். புதன்கிழமை என் கண்ணெதிரே கப்பலேறியது.

"குடிச்சது அத்தனையும் உப்பு டாக்டரே! எங்கதான் போச்சு?"

அவர் குனிந்து பார்த்தார். துவைத்தும் போகாத சாம்பல் கறை.

"என் சப்பாத்துல."