கொரியப் பிள்ளையின் முழங்கால்

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடங்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. அந்தப் பிள்ளை இப்போது பெயர் தெரிந்த உதைபந்தாட்டக்காரன். அவனோடு என்னைச் சேர்த்துச் சொன்னால் பெருமைக்குச் சொல்கிறேன் என்பார்களே என்ற கூச்சமும் இருந்தது. பிள்ளையாரை வேண்டிக்கொண்டு இன்று எழுதுகிறேன்.

2012இல், குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை மதியம். பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் உள்ள ஓர் உணவகத்தில் சமையல் வேலை எனக்கு. அன்று கொதி எண்ணெய் கையில் ஊற்றுப்பட்டு, மனைவியோடு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் காத்திருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம், "அப்பா... அப்பா..." என்று ஒரு குரல் அழுதது.

"இஞ்சேருங்கோ, ஆரோ எங்கட பிள்ளை. தனியக் கிடக்குது போல. போய்ப் பாருங்கோவன்" என்றாள் மனைவி.

போய்த் திரையை விலக்கி, "தம்பி, எந்த ஊர்?" என்று கேட்டேன். கட்டிலில் இருந்தது ஒரு கொரியப் பிள்ளை. காதில் தொலைபேசி. சேறு பட்ட விளையாட்டு உடுப்பு. ஒரு முழங்கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது.

பின்னால் வந்த மனைவிக்குச் சிரிப்பு. "கேளுங்கோ, எங்கட ஊர் வல்வெட்டித்துறை எண்டுதான் சொல்லப்போறான்!"

அவர்கள் மொழியிலும் அப்பாவுக்கு அப்பா என்றுதான் பெயர் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். அவனுக்கும் என்னைப் போல அரைகுறைப் பிரெஞ்சுதான். தொலைபேசியை மார்போடு பொத்திக்கொண்டு சொன்னான். ஒரு கழகத்தின் இளையோர் அணியில் நடுக்களத்தில் விளையாடுகிறான். காலைப் பயிற்சியில் விழுந்துவிட்டான். சவ்வு கிழிந்திருக்கிறது, இந்தக் காலோடு ஓடினால் பிறகு ஓடவே முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆனால் மறுநாள் ஆட்டத்தைப் பார்த்துத்தான் அவனைப் பெரிய அணிக்கு எடுப்பதா, ஊருக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்களாம். இறுக்கிக் கட்டிக்கொண்டு விளையாடப் போகிறேன் என்றான். தகப்பனிடம் விழுந்ததைச் சொல்லவே இல்லை. குரல் கேட்கத்தான் எடுத்தானாம்.

மனைவி கைப்பையிலிருந்த திருநீற்றை எடுத்து அவன் நெற்றியில் பூசினாள். மருந்து என்று நினைத்தானோ என்னவோ, முழங்காலைக் காட்டி, "இங்கே?" என்று கேட்டான்.

"ஐயோ ராசா, அது காலுக்கில்லையடா!"

வலியிலும் அவன் சிரித்துவிட்டான். பொத்தியிருந்த கை தளர்ந்தது. நானும் இரண்டு பிள்ளைகளைப் பெற்றவன், சொல்வதைக் கேள் என்ற எண்ணத்தில் நெஞ்சைத் தொட்டு, "நான் அப்பா" என்றேன். அவன் மொழியிலும் அதற்கு ஏறக்குறைய அதே அர்த்தமாம்! மகனுக்குப் பக்கத்தில் எவனோ ஒருவன் "நான் அப்பா" என்று சொல்வதைக் கேட்ட தகப்பன், தொலைபேசிக்குள் கத்தத் தொடங்கிவிட்டார். நாங்கள் யார், இது எந்த இடம் என்று சொல்லப்போய், அவன் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் குரல் மெல்ல மெல்லத் தணிந்தது. அவன் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, இறங்குவதற்குக் கீழே தொங்கவிட்டிருந்த நல்ல காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அவனில்லாமல் நடந்தது. கழகமும் அவனை விட்டுவிட்டது. ஊன்றுகோலோடு எங்கள் உணவகத்துக்கு வந்து, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போனான். ஒரு வருடம் முழுக்க அங்கே காலைப் பழக்கினான். பிறகு ஐரோப்பாவில் வேறொரு நாட்டுக் கழகம் அவனைக் கூப்பிட்டது. தொலைக்காட்சியில் அவன் பந்தைத் தொட்டால் மனைவி கதிரையை விட்டு எழும்பிவிடுவாள்.

இப்போது கோயிலில் இந்தக் கதை வேறு மாதிரி ஓடுகிறது. திருநீறு பட்டதும் வீக்கம் வற்றி, மறுநாளே விளையாடி வென்றானாம். திருநீற்றில் எனக்கு நம்பிக்கை உண்டு. அன்று அவனைத் திரும்பக் கட்டிலில் படுக்க வைத்தது தெய்வம்தான் என்று இன்றும் சொல்வேன். ஆனால் அவன் ஒவ்வொரு நாளும் வலியோடு நடந்து பழகிய அந்த ஒரு வருடத்தை அவனிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இதை வாசிப்பவர்கள் யாருக்காவது சொல்வதானால், கூட்டாமல் குறைக்காமல், அந்த ஒரு வருடத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.