டோர்ஃபி உட்காரும் மூலை

ரெய்க்யவிக்கில் டாக்ஸி ஓட்டும் யோருனுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இரண்டு கணவர்களைக் கட்டி, இரண்டு பேரையும் பெட்டி படுக்கையோடு வெளியே அனுப்பியவள். வாய் கொஞ்சம் நீளம். நாட்டின் தலைவரையே பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஊர் அது. அவளை 'அவர்' என்று எழுதினால் அவளே திட்டுவாள்.

ஜனவரியில் ஒரு நாள் பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி வண்டியில் ஏறினாள். உள்ளூர்க்காரர்களுக்குப் பிடித்த இடங்களைப் பற்றி எழுதுகிறாளாம்.

"குன்று மேல இருக்கிற பெரிய சர்ச் உங்களுக்குப் பிடிக்குமா?"

"அங்க ஆளுங்களை இறக்கி விடப் பிடிக்கும். உள்ள போனதில்ல."

"அப்போ எது பிடிக்கும்?"

"துறைமுகத்துப் பக்கம் சாசேஜ் ரொட்டிக் கடை. வறுத்த வெங்காயம் போட மறந்தான்னா சண்டை போடலாம். அப்புறம் பழைய கல்லறைத் தோட்டம். அங்க இருக்கிறவங்க யாரும் டாக்ஸி கேக்க மாட்டாங்க."

"அழகான இடமா ஏதாவது சொல்லுங்களேன்."

"எங்க பேட்டை நீச்சல் குளம். நீச்சல் அடிக்கிற வேலையெல்லாம் நமக்கு வேணாம். பக்கத்துல வெந்நீர்த் தொட்டி இருக்கு பாரு, காலைல அதுல போய் உக்காந்தா போதும்."

"அதுல என்ன விசேஷம்?"

யோருன் யோசித்துப் பார்த்தாள். என்ன விசேஷம்? சூடு, லேசான கந்தக நாற்றம், அரசாங்கத்தைத் திட்ட நாலு பேர். இதெல்லாம் ஊரில் எல்லாத் தொட்டியிலும் கிடைக்கும். அவள் மனதில் வந்து நின்றது தொட்டிச் சிநேகிதன் டோர்ஃபி உட்காரும் மூலைதான். அந்த டோர்ஃபி வருகிற திங்கட்கிழமை வடக்கே, மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறான்.

"வெந்நீர்தான் விசேஷம்," என்று சொல்லிவிட்டு, எதிரே எரிந்த சிவப்பு விளக்கைத் திட்டினாள்.

டோர்ஃபி ஒரு காலத்தில் கப்பலில் சமையல்காரன். பல வருடமாகக் காலையில் குளம் திறந்ததும் இருவரும் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். இருட்டு, ஆவி, யோருனின் மூக்குக் கண்ணாடியோ உடை மாற்றும் அறையில். ஆக, அவள் அறிந்த டோர்ஃபி என்பவன் ஒரு குரலும் ஒரு நரைத்த தாடியும்தான். அவனைத் துணிமணியோடு பார்த்ததே இல்லை. அந்த ஊரில் தொட்டி நட்பு தொட்டியோடு சரி.

மறுநாள் காலை அவள் அந்த வழக்கத்தை உடைத்தாள்.

"டோர்ஃபி, ஞாயித்துக்கிழமை ஐஸ்கிரீம் சாப்பிடப் போலாமா?"

அதே தொட்டியில் இருந்த, ஓய்வு பெற்ற பாதிரியார் கிஸ்லிக்குக் காது உடனே நிமிர்ந்தது. "என்ன யோருன், மூணாவது ஆளா?"

"நீ சும்மா கிட கிஸ்லி. கல்யாணம் பண்ணி வைக்கக் கூப்பிட்டா அப்ப வந்து பேசு."

"எதிர்க் கடைக்கு வர்றேன். மத்தியானம் மூணு மணி," என்றான் டோர்ஃபி. தொட்டியில் யாருக்குச் சட்டைப்பை இருக்கிறது, கைப்பேசி எண் வாங்கிக்கொள்ள?

ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டியது. ஐஸ்கிரீமுக்கு அதைவிட நல்ல நாள் ஏது? டாக்ஸியில் போனால் எவனாவது கதவைத் திறந்து ஏறி, விமான நிலையம் என்பான். அதனால் தங்கையின் சின்னக் காரை வாங்கிக்கொண்டாள். தலைமுடியைச் சுருட்டி, கண்ணுக்கு மை தீட்டி, உதட்டுச் சாயம் பூசி, இரண்டாவது கணவன் வாங்கித் தந்த ரோமக் கோட்டையும் மாட்டினாள். கண்ணாடியில் பார்த்தால், கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய கரடி மாதிரி இருந்தது. இருக்கட்டும் என்று கிளம்பினாள்.

கடை வாசலில் வரிசையாகக் கார்கள். உள்ளே சூடு போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாக நக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் காரில் ஒரு கிழவன் மட்டும் தனியாக, வழவழவென்று மழித்த முகம், கழுத்தில் டை, இரண்டு கையிலும் இரண்டு ஐஸ்கிரீம். ஒன்றை முடித்தான். சற்று நேரம் வழியைப் பார்த்தான். மற்றதும் சட்டைக் கையில் வழிய ஆரம்பித்ததும் அதையும் முடித்தான். 'தின்னிப் பண்டாரம்' என்று யோருன் அவனை முறைத்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தாடி வைத்த ஒருவனும் வரவில்லை. இருட்டும் வரை இருந்துவிட்டு வண்டியை எடுத்தாள். தீட்டிய மையெல்லாம் கன்னத்தில் வழிந்தது. அவளுக்கு அவ்வளவு வலித்தது.

திங்கட்கிழமை காலை குளத்துக்குப் போனாள். தண்ணீரில் இறங்குமுன் சோப்புப் போட்டு உடம்பைத் தேய்த்த தேய்ப்பில் தோல் சிவந்துவிட்டது. தொட்டியில் டோர்ஃபியின் மூலையில் எவனோ உட்கார்ந்திருந்தான்.

"யோவ், அது டோர்ஃபியோட இடம். தள்ளி உக்காரு."

"நேத்து வராதவளுக்கு அதைப் பத்தி என்ன?" என்றது டோர்ஃபியின் குரல்.

"டோர்ஃபி? தாடி எங்க?"

"வழிச்சிட்டேன். உனக்காகத்தான் வழிச்சேன். டாக்ஸி டாக்ஸியாத் தேடினேன், நீ எங்க போனே?"

"தங்கச்சி கார்ல வந்தேன்யா! ரோமக் கோட்டு போட்டுக்கிட்டு."

"அந்தப் பொம்பள நீயா? என்னைக் கடிச்சுத் துப்புற மாதிரி பாத்தியே!"

"பின்ன? ரெண்டு ஐஸ்கிரீமையும் ஒருத்தனே வளைச்சுக் கட்டினா?"

"ஒண்ணு உனக்கு வாங்கினது. உருகிக்கிட்டே இருந்துச்சு, என்ன பண்றது?"

கிஸ்லி சிரித்த சிரிப்பில் தண்ணீர் குடித்துவிட்டார். யோருனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எப்போ கிளம்பறே?"

"பெட்டியெல்லாம் வண்டில ஏத்தியாச்சு. மக குளத்து வாசல்ல நிக்கிறா."

"போகாதே."

இரண்டு கணவர்கள் வாசலைத் தாண்டியபோதும் அவள் வாயிலிருந்து வராத சொல் அது. சொன்ன பிறகு அவளுக்கே பயமாக இருந்தது.

"இதை நேத்தே சொல்லியிருக்கலாம்ல?" என்றான் டோர்ஃபி.

"நேத்து உன் மூஞ்சியப் பாத்தா சொல்லணும்னு தோணலையே."

"இப்ப?"

அவள் கிட்டே நகர்ந்து, கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "இப்பவும் சகிக்கல. ஆனா போகாதே."

டோர்ஃபி மூலையில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

"கிஸ்லி, எந்திரி. போய் என் மககிட்ட பெட்டிய இறக்கச் சொல்லு."