திரும்பி வந்த இலை

தேவராஜ மொஹல்லாப் பேட்டையில் ஓர் ஓட்டலில் இன்று நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஒருவர் பாதித் தோசையை வைத்துவிட்டு எழுந்தார். சர்வர் அதைப் பார்க்காமலே வாளியில் தள்ளினார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சுதந்திரம் வந்த புதிதில், அக்ரஹாரத்தில் அம்மா சமைத்து அப்பா பரிமாறிய எங்கள் சின்ன ஓட்டலில், விறகுப் புகையும் நெய் வாசமும் கசியும் அடுப்படிச் சன்னலில் அம்மாவிடம் காட்டாமல் எந்த எச்சில் இலையும் குப்பைக்குப் போகாது. ஒரு துண்டு மிஞ்சியிருந்தாலும் அம்மாவின் கரண்டி நின்றுவிடும்.

"என்னங்க, இது யார் எலை? ஓடிப்போய்க் கேளுங்க."

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் ஓடுவார். "ஸ்வாமி, உப்பு ஜாஸ்தியா?" கூச்சத்தோடு பதில் சொன்ன ஆள் மறுநாள் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு வருவார்.

அந்த இடத்தில் இப்போது செருப்புக் கடை.

தோசையை வைத்துவிட்டுப் போனவர் வெளியே ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். கைகூடக் கழுவாமல் ஓடினேன்.

"சார், உப்பு ஜாஸ்தியா?"