புது ஆளாக விளையாட உட்கார்ந்த நாள்

எழுதத் தெரிந்தவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் நான் வந்து உட்கார்ந்ததை முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். என் படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் கூச்சம். ஆனாலும் எங்கள் கம்பெனியில் நடந்த இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சிறுசேரியில் ஒரு பெரிய வீடியோ கேம் கம்பெனியில் டீ, காபி கொடுக்கும் வேலை எனக்கு. கேம் கம்பெனி என்றால் நாளெல்லாம் விளையாட்டுதான் என்று எங்கள் தெருவில் நினைக்கிறார்கள். உண்மையில் ஒருவர் வாரம் முழுக்க ஒரே கதவைத் திறந்து மூடிக்கொண்டிருப்பார். இன்னொருவர் தண்ணீரின் நிறத்துக்காகச் சண்டை போடுவார்.

அங்கே என்னை அக்கா என்று கூப்பிடும் ஒரு பெண்ணுக்குப் புது கேமின் முதல் கட்டத்தைச் செய்யக் கொடுத்திருந்தார்கள். கரையிலிருந்து ஒரு படகை எடுத்துப் போக வேண்டும். படகு பின்னால் ஒரு கம்பத்தில் கயிற்றால் கட்டியிருக்கும், அவிழ்த்தால்தான் நகரும். அதைத் திரையில் எழுதிக் காட்ட மாட்டேன், எந்த மொழிக்காரருக்கும் தானாகப் புரிய வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். யாருக்கும் புரியாது என்றார் அவளுடைய மேனேஜர். கடைசியில், கேமே தெரியாத ஒரு புது ஆளை ஆடவிடுவது, அவர் மாட்டிக்கொண்டால் அந்தக் கட்டத்தையே எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. அவளுடைய பல மாத உழைப்பு அது.

புது ஆளாக அவள் என்னைக் கூப்பிட்டாள்.

இந்தச் சோதனைக்கு ஒரு முறை உண்டு. ஆடுகிறவர் மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பின்னால் உட்கார்ந்து பார்ப்பவர்கள் மூச்சு விடக் கூடாது.

திரையில் படகு வந்தது. கயிறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். டீ வைக்கப் போகும்போதெல்லாம் அதைத்தானே பார்த்தேன். பேசாமல் அவிழ்த்துவிட்டால் அவள் ஜெயித்துவிடுவாள். ஆனால் தோன்றுவதைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்களே.

"கயிறு பின்னாடி இருக்கும்மா. டீ குடுக்க வரப்ப தெனமும் பாக்கறேன்."

"நல்ல புது ஆளைப் புடிச்ச போ!" என்று மேனேஜர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. வேறு ஆள் இல்லையென்றால் இன்றே அந்தக் கட்டத்தை எடுத்துவிடலாம் என்றார் அவர்.

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியவில்லை. "கீழ ஷட்டில் வேன் ஓட்டற அண்ணன் இருக்காருங்க சார். அவரு மேல வந்ததே இல்ல."

நானே போய்க் கூப்பிட்டேன்.

"இன்னாம்மா, டிரிப்பா?"

"இல்லண்ணே, கேம் ஆடணுமாம்."

"ஆபீஸ் டைம்லயா? தெரியாம டிரைவரா வந்துட்டேன் போலக்கீது!"

அவருக்குக் கூச்சம் என்பதே கிடையாது. உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். "தோ படகு கீது. முன்னால தள்றேன். போவ மாட்டேங்குது. இன்னா பேஜாரு, டீசல் போடலயா?" பின்னால் திரும்பி எங்களைப் பார்த்தார். "வாயத் தொறங்கப்பா, எழவு வூடு மாரி குந்திகினு கீறீங்க!"

அவர் மறுபடி தள்ளினார். அந்தப் பெண் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். படகு இழுபடும்போதெல்லாம் கம்பம் ஆடும், அதன்மேல் இருக்கும் கொக்கு இறக்கை அடிக்கும். அப்படித்தான் அவள் செய்து வைத்திருந்தாள்.

"பின்னால இன்னாமோ படபடங்குதே?" படகைத் திருப்பிப் பார்த்தார். "அட, கட்டிப் போட்டுட்டுப் போ போன்னா எங்க போவும்?"

அவிழ்த்தார். படகு நகர்ந்தது. அவள் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது, அழுகையா சிரிப்பா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மேனேஜர் மட்டும், "யோசிக்கலாம்" என்றார்.

மறுநாள் அந்தக் கட்டத்தை அப்படியே வைத்துக்கொள்வதாக முடிவு செய்தார்கள். அவள் இரண்டாவது கட்டத்தின் வேலையை ஆரம்பித்தாள்.