நாலாவது தட்டு

சிக்னலில் மஞ்சள் விழுந்தால் போதும், சித்தியின் ஆள்காட்டி விரல் ஸ்டீயரிங்கைத் தட்டத் தொடங்கிவிடும். நொடிக்கு ஒரு தட்டு. நான்காவது தட்டுக்குச் சிவப்பு வரும். பேசிக்கொண்டிருந்தாலும் தட்டும், கோபத்தில் இருந்தாலும் தட்டும். பஸ்ஸில் போகும்போதுகூட முன்சீட்டுக் கம்பியில் தட்டுவதைப் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் அதை ஏதோ பாட்டுக்கான தாளம் என்றே நினைத்திருந்தேன்.

அது தொழில் பழக்கம். சித்தி பதினாறு வருடமாகச் சலவை நிறுவன வேன் ஓட்டுகிறார். வெளுத்து மடித்த விரிப்புகளை ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோகும் வேலை. சடாரென்று பிரேக் போட்டால் பின்னால் அடுக்கியதெல்லாம் சரியும். சரிந்ததை மறுபடி மடிப்பது டிரைவர் பாடு. அதனால் மெதுவாக நிறுத்துவதா, போய்விடுவதா என்பதை அந்த விரல்தான் முடிவு செய்யும்.

ஒரே மாதத்தில் மூன்று நோட்டீஸ் வந்தன. மூன்றும் மேம்பாலத்துக்குக் கீழுள்ள சிக்னலில் புதிதாக வைத்த கேமரா எடுத்தவை. குற்றம் உறுதியானால் ஆறு மாதம் லைசென்ஸ் கிடையாது என்று மூன்றாவதில் போட்டிருந்தது. லைசென்ஸ் இல்லாத டிரைவரை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்?

எங்கள் குடும்பத்தில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். மூன்று முறை படித்தேன். படத்தில் விளக்கு சிவப்பு, வேன் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

"தெளிவா இருக்கு சித்தி. ஒத்துக்கிட்டு எழுதினா கொஞ்சம் இரக்கம் காட்டுவாங்க."

"மஞ்சள்ல நுழைஞ்சவ எதை ஒத்துக்கறது? அந்த சிக்னல்ல நாலாவது தட்டே விழறதில்ல. மூணுக்கு முன்னாடியே சிவப்பு வந்துடுது."

"விரல் கணக்கைச் சொன்னா கோர்ட்டுல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும், பல்லு அவங்களோடது. ஏய் பட்டதாரி, படத்துக்கு அடியில பொடி எழுத்துல ஏதோ இருக்கே, அது என்ன?"

'மஞ்சள்: 2.7' என்றிருந்தது. மூன்று முறை படித்தும் அது என்ன என்று நான் கேட்கவே இல்லை. இத்தனை வருடம் நான் படித்ததாகச் சொல்லிக்கொண்டது எதை?

கோர்ட்டில் இலவச சட்ட உதவி மையம் இருந்தது. அங்கிருந்த வக்கீல் அம்மா நோட்டீசைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த ரோட்டுக்கு மஞ்சள் நாலு செகண்ட் இருக்கணும். சிக்னலுக்கு அவங்க நேரம் செட் பண்ணின தாளைக் கேட்டு நான் மனு போடறேன். நீங்க நேர்ல போய் எண்ணிக்கிட்டு வாங்க."

மூன்று நாள், வேலை முடிந்து வந்து, சித்தி நடைபாதையில் நின்று தட்டினார். நான் போனில் வீடியோ எடுத்தேன். நூறு மஞ்சளில் ஒன்றுகூட மூன்று நொடியைத் தொடவில்லை.

விசாரணையில், வக்கீல் அம்மா கொடுத்த தாளையும் வீடியோவையும் பார்த்துவிட்டு நீதிபதி கேட்டார். "மற்ற சிக்னல்ல நாலு செகண்ட்னு எப்படிம்மா உறுதியா சொல்றீங்க?"

சித்தி கூண்டின் கட்டையில் நான்கு முறை தட்டினார். நீதிபதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை."

மறுபடி தட்டினார். முள் நான்கு நொடி நகர்ந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கேமரா அனுப்பிய நோட்டீஸ் அத்தனையும் ரத்து என்று தீர்ப்பானது. சித்தியுடையது மட்டுமல்ல, நானூற்றுச் சொச்சம் பேருடையதும்!

வெளியே வந்து சித்தி இரண்டாவது நோட்டீசை நீட்டினார். "இதுல சிவப்பு எவ்வளவுன்னு பாரு."

சிவப்பு விழுந்து ஒன்பது நொடி கழித்துத்தான் வேன் கோட்டைத் தாண்டியிருந்தது.

"சூப்பர்வைசர் திட்டினதையே நெனச்சுக்கிட்டுப் போயிட்டேன். அன்னைக்குத் தட்டவே இல்ல. அங்க நின்னு எண்ணும்போதுதான் ஞாபகம் வந்துச்சு."

"உள்ளே ஏன் சொல்லல?"

"வாயெடுத்தேன். லைசென்ஸ் கண்ணு முன்னாடி வந்து நின்னுடுச்சு."

மறுநாள் அந்த ஒரு நோட்டீசுக்குப் பணம் கட்ட அபராத கவுண்டருக்குப் போனார். நானும் கூட நின்றேன்.

"ரத்தானதுக்கு ரசீது போட முடியாதும்மா. கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

"அப்ப கையில வாங்கிக்கங்க."

"அதுக்குப் பேரு லஞ்சம். கிளம்புங்க, பின்னாடி ஆள் நிக்குது."

இப்போது மதிய இடைவேளையில் சலவை நிறுவன வாசலுக்கே ஆட்கள் வேறு சிக்னல்களின் நோட்டீசோடு வருகிறார்கள். சித்தி முதலில் பொடி எழுத்தைப் பார்ப்பார். பிறகு கேட்பார்: "நெசமா தாண்டினியா?" இல்லை என்பவர்களை மையத்துக்குக் கூட்டிப்போவார்; விவரத்தை எழுதித் தருவது நான். ஆமாம் என்பவர்களிடம், "போய்க் கட்டு. உன் பணத்தையாவது வாங்கிக்கறாங்களே, குடுத்து வச்சவன் நீ," என்பார்.

அவருடைய இரண்டாவது நோட்டீஸ், நாலாய் மடித்து, வேனின் வெயில் தடுப்புக்குள் செருகியபடி இருக்கிறது. இதுவரை ஐந்து முறை அந்த கவுண்டருக்குப் போய்விட்டார். இன்னும் வாங்க மாட்டேன் என்கிறார்கள்.