கயிறு இழுக்காமல் வந்த பாட்டு

ஒரகடம் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். அதில் ஒன்றில் நான் எலெக்ட்ரீஷியன். இன்னும் பர்மனன்ட் ஆகாதவன். படப்பையில் எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீட்டார், "பர்மனன்ட் ஆவட்டும், அப்பால பேசிக்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆகவே கம்பெனியில் யார் தும்மினாலும், என் கல்யாணம் நின்றுவிடுமோ என்றுதான் முதலில் நினைப்பேன்.

சாமான்கள் வரிசையாக நகர்ந்து தயாராகும் எங்கள் லைனில் ஒரு வழக்கம். வேலையில் சிக்கல் என்றால், தலைக்கு மேல் தொங்கும் மஞ்சள் கயிற்றை இழுக்க வேண்டும். உடனே ஸ்பீக்கரில் பாட்டு வரும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மெட்டு. அதைக் கேட்டே சூப்பர்வைசர் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரிந்துகொள்வார். அதற்கு மேல் சங்கீதத்துக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஸ்பீக்கரும் என் பொறுப்பு என்பதால், ஒருநாள் எங்கள் வெளிநாட்டு மேனேஜர் என்னிடம் ஒரு சிடியைக் கொடுத்தார். அவர் ஊரிலிருந்து முதலாளிகள் வருகிறார்கள். லைனுக்குள் நுழையும்போது இது ஒலிக்க வேண்டுமாம். "போன நூற்றாண்டு டான்ஸ் மியூசிக்" என்றார். போன நூற்றாண்டு முடிந்தே இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அட்டையைப் பார்த்தேன். கறுப்புக் கோட்டு போட்ட பெருங்கூட்டம் ஒன்று, பிடிலும் குழலுமாக உட்கார்ந்திருந்தது. ஆடுகிறவர் ஒருவரும் இல்லை. டான்ஸ் என்கிறார், எல்லோரும் நாற்காலியில் இருக்கிறார்களே என்று அப்போதே குழம்பினேன்.

முதலாளிகள் வந்தார்கள். சிடியைப் போட்டேன். சத்தமே இல்லை. வெளியே எடுத்து, பனியனில் துடைத்து, மறுபடி போட்டேன். ம்ஹூம். வியர்த்துக் கொட்ட, வால்யூமை முழுக்கத் திருகினேன். அந்தக் கோட்டுக்காரர்கள் எங்கோ சேரப்பணஞ்சேரியில் இருந்து வாசிப்பதுபோல மெதுவாக ஆரம்பித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? திடீரென்று ஊதுகிறவர்களும் அடிக்கிறவர்களும் ஒரேயடியாக வெடித்தார்கள். கூரைத் தகடு அதிர்ந்தது.

சூப்பர்வைசர் பாய்ந்தார். "எவன்டா கயித்த இஸ்த்தது?"

வெல்டிங் பக்கம் ஓடினார். அங்கே நின்ற திருநெல்வேலிக்காரர் இரண்டு கையையும் தூக்கி, "நான் தொடவே இல்ல அண்ணாச்சி!" என்றார். அதற்குள் பிடில்கள் வேறு மெட்டுக்கு மாறின. பெயின்ட் பக்கம் ஓடினார். குழல் வந்தது, திரும்பி ஓடினார். தாளம் தடுக்கிய இடத்தில் அவரும் தடுக்கினார். லைனே கையைத் தூக்கி, 'நாங்கள் இல்லை' என்று ஆட்டிக்கொண்டிருந்தது. சிடி கெட்டுப்போனதா, பாட்டே இப்படித்தானா? நிறுத்தினால் வேலை போகுமா, நிறுத்தாவிட்டால் போகுமா? விரலைப் பொத்தான்மேல் வைத்தபடி கற்சிலையாக நின்றேன்.

முதலாளிகள் கைதட்டினார்கள். வரவேற்பு நடனம் என்று நினைத்துவிட்டார்களாம். மேனேஜர் என் தோளில் தட்டி, "அடுத்த தடவையும் நீயே" என்றார். சூப்பர்வைசர் மூச்சிரைக்க என்னிடம் வந்தார்.

"டேய், அடுத்த தபா நான் பாட்டு போடறேன், நீ ஓடு."

அந்த மாதமே பர்மனன்ட் ஆனேன். எதற்காக என்று இன்றுவரை விளங்கவில்லை. கேட்டால் திருப்பி வாங்கிக்கொள்வார்களோ என்று கேட்கவும் இல்லை. படப்பைக்குப் போனேன், சேதி எனக்கு முன்பே போயிருந்தது. பெண்ணின் அப்பா ஏற இறங்கப் பார்த்தார்.

"கரண்டு வேலைன்னாங்களே. ரேடியோ செட்டு வேலையாமே, மாப்ள?"

"ஆமாம் மாமா" என்றேன். அந்த நேரத்தில் அவர் எந்த வேலையைச் சொல்லியிருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பேன்.