அம்மா படித்த முடிவு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். பன்னிரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கதைப் புத்தகம்தான் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவளும் ஒருத்திதான், என் அம்மா. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் அவளைவிட வேகமாகக் கொழுந்து பறிக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அவளுக்குக் கிடைத்த மரியாதை கங்காணியின் மனைவிக்கும் கிடைத்ததில்லை. அந்த மரியாதையில் பாதி எனக்குரியது என்று நினைத்துக்கொண்டு, எட்டு வயதில் நான் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன்.

ஊரில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் படித்தவள் அம்மா. அப்பாவோடு கடல் தாண்டித் தோட்டத்துக்குப் புறப்பட்டபோது, தகரப் பெட்டியில் சேலைக்கு நடுவே அந்தப் புத்தகத்தை வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். பெரிய எழுத்தில் அச்சடித்த ராணி கதை. பழி சுமத்தப்பட்டு அரண்மனையை விட்டுத் துரத்தப்பட்ட ஒரு ராணி, கைக்குழந்தையோடு காட்டாற்றைக் கடக்கப் பார்க்கிறாள். மூட்டையையும் பிள்ளையையும் சேர்த்துத் தூக்க முடியாமல், பிள்ளையைக் கரையில் படுக்கவைத்துவிட்டு, மூட்டையை அக்கரையில் போட்டுவர இறங்குகிறாள். அதற்குள் வெள்ளம் வந்துவிடுகிறது. அவள் அந்தக் கரை, பிள்ளை இந்தக் கரை. அப்புறம் எத்தனையோ வருஷம் ஊர் ஊராக அவனைத் தேடி அலைகிறாள். கடைசியில், யாரோ வளர்த்து ஆளாக்கிய பிள்ளை குதிரைமேல் எதிரே வருகிறான். அவள் தாலாட்டுப் பாடுகிறாள். குரலை வைத்தே அவளை அடையாளம் கண்டுகொண்டு, குதிரையிலிருந்து குதித்து ஓடிவந்து, "அம்மா" என்கிறான்.

அந்த "அம்மா"வை என் அம்மா படிக்கிற விதம் தனி. அதுவரை கணீரென்று போகிற குரல் அந்த இடத்தில் இளகி, சின்னப் பிள்ளையின் குரலாகிவிடும். எனக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. எத்தனையோ பேர் எத்தனையோ கதை படிக்கக் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு சொல்லுக்காகக் காது இன்னும் ஏங்குகிறது.

கதை முடிய நாலு ஞாயிறு ஆகும். துக்கமான இடத்தில் புத்தகத்தை மூடினால் கேட்ட வீட்டுக்கு ஆகாது என்று எங்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. அதனால் ராணி அழுகிற இடம் வந்தால், எத்தனை வேலை கிடந்தாலும் அவள் கண்ணைத் துடைக்கிற இடம்வரை படித்துத்தான் அம்மா நிறுத்துவாள். தாயும் பிள்ளையும் சேர்கிற ஞாயிறு என்றால் அடுத்த காம்பரா அத்தை, அப்பாவின் தங்கை, கற்பூரம் ஏற்றி எல்லோருக்கும் வெல்லம் கிள்ளிக் கொடுப்பாள். அடுத்த வாரம் மறுபடி முதல் பக்கம். அலுப்பு என்று ஒருவரும் சொன்னதில்லை. வெல்லத்துக்காகவும் நான் சொன்னதில்லை.

பதுளைக்கு ரயில் வந்த புதிதில், ரயிலோடு பயாஸ்கோப்பும் வந்தது. தோட்டத்துச் சனங்கள் இருட்டுவதற்குள் மலையேற வேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை பகலிலேயே ஓர் ஆட்டம் வைத்திருந்தார்கள். இந்த வாரம் ராணி கதை என்று வண்டியில் தப்படித்துக்கொண்டு வந்து சொல்லிவிட்டுப் போனான் ஒருவன். லயமே துள்ளியது. அம்மா மட்டும் துள்ளவில்லை.

"புத்தகம் கையில இருக்கையில அது எதுக்கு?" என்றாள்.

"காதால கேட்டத ஒருக்காக் கண்ணால பாக்க வேணாமா மதினி?" என்றாள் அத்தை.

அம்மா தலைவலி என்றாள். முழங்கால் வலி என்றாள். நான் தரையில் புரண்டு அழுத அழுகையில் இரண்டு வலியும் போய்விட்டன.

கடைவீதியைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகை. ஜன்னல்களில் சாக்குத் தொங்கவிட்டு இருட்டாக்கியிருந்தார்கள். திரைக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் பிரம்போடு நின்று, பேசாத படத்துக்குத் தான் பேசிக்கொண்டிருந்தார். படத்தில் ராணி வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அது என் ராணியே இல்லை. என் ராணி ஒல்லியாக, கறுப்பாக, கொழுந்துக் கறை படிந்த விரல்களோடு, அதாவது என் அம்மாவின் சாடையில் இருப்பாள். இங்கே வந்தவளுக்குத் தோளும் புஜமும் மூட்டை தூக்குகிறவர் மாதிரி இருந்தன.

"அது ஆம்பளடி" என்று பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

ஆனால் வெள்ளம் வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. நிஜத் தண்ணீர், நிஜப் பிள்ளை. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டதில் என் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. நான் "ஆ" என்றது அவள் காதில் விழவில்லை.

கடைசியில் குதிரை வந்தது. அத்தை மடியை அவிழ்த்தாள். வெல்லமும் கற்பூரமும் கொண்டுவந்திருந்தாள்! கதை எங்கே முடிந்தாலும் கதைதானே, மங்களம் செய்யாமல் எப்படி எழுந்து வருவது? ராணியின் வாய் அசைந்தது. தாலாட்டு என்றார் கோட்டுக்காரர். அத்தை தீக்குச்சியைக் கிழித்தாள்.

"ஏம்மா! அணைம்மா! கொட்டகை பத்திக்கும்!" என்று படம் ஓட்டுகிறவன் அலறினான். யாரோ அத்தையின் கையைத் தட்டிவிட்டார்கள். அந்தக் கலவரம் அடங்கி நாங்கள் நிமிர்ந்து பார்த்தபோது, பிள்ளை குதிரையை விட்டு இறங்கவே இல்லை. பிச்சைக்காரி என்று எண்ணி, ராணி ஏந்திய முந்தானையில் ஒரு பிடி அரிசியைப் போட்டான். போய்விட்டான். அவ்வளவுதான். சாக்கை விலக்கிவிட்டார்கள், வெயில் உள்ளே வந்தது.

எங்கள் லயத்துப் பெண்கள் எழுந்திருக்கவில்லை. "மிச்சத்தக் காட்டுய்யா! பயல எறங்கச் சொல்லுய்யா!" என்று கத்தினார்கள். கோட்டுக்காரர் பயந்துபோய்ப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து ஆட்டினார். எங்கள் புத்தகமேதான். "புத்தகத்துல உள்ளபடிதான் எடுத்திருக்காங்க, தாய்மாரே."

"எங்ககிட்டயேவா? இந்தா நிக்கிறாங்கய்யா, படிக்கத் தெரிஞ்சவங்க. சொல்லுங்கக்கா!" என்று அம்மாவை முன்னால் தள்ளினார்கள்.

அம்மா அந்தப் புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு, "அவரு சொல்றதுதான் சரி. அப்படித்தான் போட்டிருக்கு" என்றாள்.

மலையேறினோம். வழி முழுக்க எனக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. அப்படியானால் அம்மா இத்தனை நாள் படித்தது பொய். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். நாளைக்குப் பிள்ளைகள் என்னைப் "பொய்க்காரி மக" என்றால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? அந்த வாரம் முழுக்க அவளோடு பேசவில்லை. ஊட்டவந்த கையைத் தட்டிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். ஒருத்தி பாக்கியில்லாமல் வந்து உட்கார்ந்தார்கள். "படத்துக்காரன் கெடக்கான். கடைசி வாரத்த விட்டுட்டோம்ல, நீ எப்பவும் படிக்கிறாப்ல படி மதினி" என்றாள் அத்தை. கற்பூரத்தை முன்னாலேயே எடுத்து வைத்துவிட்டாள்.

நான் எழுந்துபோய் அம்மாவின் மடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்தின் மேல் விரலை வைத்தேன்.

"உள்ளத உள்ளபடி படி. நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

"அடியே, எந்திரிச்சு வா இப்பிடி" என்று அத்தை பல்லைக் கடித்தாள். "சின்னப் புள்ள சொல்லுதுன்னு…"

"இருக்கட்டும். அவ கேக்குறா" என்றாள் அம்மா.

அவள் படித்தாள். நான் ஒவ்வொரு எழுத்தாக விரலை நகர்த்திக்கொண்டே போனேன். பிள்ளை குதிரையில் வந்தான். ராணி பாடினாள். 'யாரம்மா நீ, எந்த ஊர்?' என்று கேட்டு, ஒரு பிடி அரிசி போட்டுவிட்டுப் போனான். அம்மா ஓர் எழுத்தும் பிசகாமல், நிறுத்தாமல், கடைசி வரிவரை படித்தாள். ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

"இப்பத்தான் சரி" என்றேன்.

பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். வெல்லத்தைக் கேட்கவும் ஆளில்லை. அம்மா புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு அவள் அதை எடுக்கவே இல்லை. அடுத்தடுத்த வாரம் கேட்டவர்களிடம் "கண்ணு மங்குது" என்றாள். அப்போது அவளுக்கு முப்பதுகூட ஆகியிருக்காது.

அம்மா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அத்தை எனக்கு அதைச் சொன்னாள். எனக்கு முன்னால் ஓர் ஆண் பிள்ளை பிறந்திருக்கிறான். கப்பலேற வந்த கரையில் அவனுக்கு அம்மை போட்டிருந்தது. ஏற்றமாட்டோம் என்றுவிட்டார்கள். தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிவந்த ஆள்கட்டுக்காரன் அவசரப்படுத்தினான். ஆறு மாதத்தில் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லி, வழியனுப்ப வந்த பெரியம்மாவின் கையில் அவனைக் கொடுத்துவிட்டு அம்மா கப்பலேறியிருக்கிறாள். திரும்பிப் போக முடியவே இல்லை. சில வருஷம் கழித்து ஊரிலிருந்து வந்த ஒருவர், பையன் நன்றாக இருக்கிறான், பெரியம்மாவைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறான் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

பன்னிரண்டு காம்பராவிலும் இது தெரியாதவர்கள் இல்லை. எனக்கு மட்டும்தான் தெரியாது. கொட்டகையில் அம்மா அப்படிச் சொன்ன உடனேயே, அவள் ஏன் முடிவை மாற்றிப் படித்தாள் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டதாம். அதனால்தான் அடுத்த வாரம் ஒருத்தி விடாமல் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

மாதத்துக்கு ஒரு தரம் என் அண்ணன் எங்கள் லயத்துக்கு வந்து அவளை "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான். நான்தான் எழுத்தில் விரலை வைத்து, அவனை வரவிடாமல் செய்துவிட்டேன்.